கருடன் இறங்கிய கொட்டகை

ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் நான் இறங்கியபோது இன்னும் விடியவில்லை. ரயிலில் பொட்டுத் தூக்கமில்லை. எதிர் பர்த்துக்காரர் தாம்பரத்தில் தொடங்கிய குறட்டையை இங்கேதான் நிறுத்தினார். பத்திரிகை ஆசிரியர் என்னிடம் கேட்டிருந்தது ‘தீம் பார்க்கில் குடும்பத்தோடு ஒரு நாள்’ என்று சிரிப்பும் சந்தோஷமுமாக நான்கு பக்கம். எனக்குக் குடும்பமும் கிடையாது, தண்ணீரில் சறுக்கி விழும் வயசும் போய்விட்டது. ஆனாலும் சரியென்று சொல்லிவிட்டேன். காரணம், மணப்பாறை சாலையில் இருக்கும் அந்த ரிசார்ட்டில் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஷோ கொட்டகையை ஆயுதபூஜையன்று மறுபடி திறக்கிறார்கள். அந்தக் கொட்டகையில்தான் என் பள்ளித் தோழி சரோஜாவின் புருஷன் முருகேசன் விழுந்து செத்தார். நாளைக்கு அதே கொட்டகையில், அதே உயரத்தில், கயிற்றில் பறக்கப்போவது அவர்களுடைய ஒரே மகள் தீபா.

சரோஜா குடியிருப்பது அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், ஒற்றை அறை. ஜன்னலோரம் தையல் மெஷின், மிச்ச இடத்தில் அவள். கதவைத் திறந்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

“வாடி சுமதி. காபி குடிச்சிட்டு உடனே கிளம்பிருவோம். அவளை இன்னிக்கே கையோட கூட்டிட்டு வந்துரணும்.”

“இருபத்து மூணு வயசுப் பொண்ணு. ஆட்டுக்குட்டியா அவ, கயித்தைப் புடிச்சு இழுத்துட்டு வர?”

“கயிறுன்னு சொல்லாதடி” என்றாள்.

காலங்கார்த்தாலேயே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பேச்சை மாற்ற மெஷினைக் காட்டினேன். பூஜை நாளைக்குத்தான், ஆனால் அவள் அதற்குள் மெஷினைத் துடைத்து, சக்கரத்திலும் பலகையிலும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள். நாளைக்கு வீட்டில் இருப்போமோ இல்லையோ என்று இன்றைக்கே வைத்துவிட்டாளாம். ஊசிக்குக் கீழே அடிநூல் சுற்றிய பாபின் இருக்கும் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

“இதுக்கு மட்டும் ஓரவஞ்சனையா?” என்றேன்.

“ஐயோ, பாபின் பக்கம் வைக்கவே கூடாது. காஞ்சா புடிச்சுக்கும். அப்புறம் மெஷின் நகராது. போன வருஷம் எதிர்வீட்டுக்காரி ஆசையா வச்சிட்டுப் போயிட்டா, மெக்கானிக் வந்து சுரண்டி எடுத்தான்.”

எட்டு மணிக்கு டவுன் பஸ் பிடித்தோம். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அதனால் உட்கார இடமும் இல்லை. காவிரிப் பாலத்தில் பஸ் நத்தையாக நகர்ந்தது. கீழே ஆற்றில் செம்மண் நிறத்தில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் வழியெல்லாம் பொரி மூட்டை, வாழைக்கன்று, பூசணிக்காய்க் குவியல். எந்த வெளியூர் பஸ் எந்த ஸ்டாண்டிலிருந்து புறப்படும் என்று திருச்சிக்காரர்களுக்கே இப்போது குழப்பம். நாங்கள் எதற்கு வம்பு என்று ஆட்டோ பிடித்துக் கருமண்டபம் போய், அங்கே மணப்பாறை பஸ்ஸில் ஏறிக்கொண்டோம். ஆட்டோவுக்கு நூற்றைம்பது. பஸ்ஸில் ஆளுக்கு முப்பது.

“பார்க் ஸ்டாப்பா? புள்ளைங்க இல்லாம ரெண்டு பேரும் தனியா ஆட்டம் போடப் போறீங்களாம்மா?” என்று கண்டக்டர் சிரித்தார்.

“ஆமாங்க, சறுக்கு மரத்துல சறுக்கப் போறோம். நீங்களும் வாங்களேன்” என்றேன். சரோஜா சிரிக்கவில்லை.

ராம்ஜி நகர் தாண்டியபிறகு அவளாகவே பேசினாள். கொட்டகையின் கதை எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். முழுசாக அன்றைக்குத்தான் கேட்டேன்.

முதலில் அது நாலு இரும்புத் தூணும் தகரக் கூரையும்தான். பள்ளிக்கூடச் சுற்றுலாப் பிள்ளைகளுக்காகத் துப்பாக்கிச் சண்டை காட்டினார்கள். மணப்பாறைப் பக்கத்துப் பையன்கள் தொப்பி போட்டுக்கொண்டு குதிரை வீரர்களாகக் கூரையிலிருந்து வைக்கோலில் குதிப்பார்கள். அவர்களுக்கு ரெக்ஸின் சட்டை தைக்க வந்தவள் சரோஜா. எல்லோரையும்விட உயரத்திலிருந்து குதித்தவர் முருகேசன். “தைக்கக் குடுத்த சட்டை கிழிஞ்சிருச்சுன்னு தினம் வந்து நிப்பாரு. எனக்கென்ன தெரியாதா, பிளேடு வச்சு அவரே கிழிச்சதுன்னு” என்றாள். அப்போது மட்டும் அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

அப்புறம் கிளிகள் வந்தன. சின்ன சைக்கிள் ஓட்டும், கொடி ஏற்றும். அது கூடாதென்று சட்டம் சொல்ல, கிளிகள் போயின. கொட்டகை காற்றாடியது. அப்போதுதான் முதலாளிக்கு அந்த யோசனை வந்தது. ஸ்ரீரங்கத்துக்கு வரும் ஜனம் அப்படியே இங்கேயும் வரவேண்டுமென்றால் கருடனைப் பறக்கவிட வேண்டும். கூரையை உயர்த்தி, இரும்புத் தண்டவாளம் போட்டு, கப்பியும் கயிறும் கட்டினார்கள். சரோஜா இரண்டு மாதம் உட்கார்ந்து சிறகு தைத்தாள். முருகேசன் கருடனானார். பின்வரிசையிலிருந்து கிளம்பி, ஜனங்களின் தலைக்கு மேலே பறந்து, மேடையில் பெருமாள் பொம்மையின் காலடியில் இறங்குவார்.

“ஷோன்னு யாரு பாத்தா? எல்லாரும் எந்திரிச்சு நின்னு கும்பிடுவாங்க. டீ குடிக்க வெளிய வந்தாக்கூட கால்ல விழுவாங்க. இவரு கூச்சப்பட்டுக்கிட்டு ஓடுவாரு.”

ஓர் ஆயுதபூஜை நாளில், இரண்டாவது ஷோவில், பாதி வழியில் கயிறு கொக்கியை விட்டு நழுவியது. ஜனங்கள் கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருக்க, முருகேசன் நடு வழியில் சிமெண்டுத் தரையில் விழுந்தார். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டார். தீபா அப்போது ஆறாம் வகுப்பு.

“அவரு கொக்கிய சரியா மாட்டலன்னு கம்பெனி எழுதிக் குடுத்துருச்சு. செத்தவர் தலையில கல்லைத் தூக்கிப் போட்டாங்க. சட்டை பட்டனையே ரெண்டு தடவை தொட்டுப் பாக்குற மனுஷன்டி அவரு! பழைய கொக்கி. ஓட்டைக் கொக்கிய வச்சு என் புருஷனக் கொன்னுட்டானுங்க. நான் சாகற வரைக்கும் அவனுங்களை விடமாட்டேன். என் வயிறு எரியறதுல அவனுங்க நாசமாப் போகணும்.”

கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ், மனு என்று அவள் அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும். அந்தக் கோபம்தான் அவளைப் படுக்கையிலிருந்து எழுப்பியது, மெஷின் முன்னால் உட்கார வைத்தது, மகளை வளர்க்க வைத்தது. கோபம் மட்டும் இல்லாவிட்டால் சரோஜா என்றைக்கோ மண்ணாகியிருப்பாள் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

பத்தரை மணிக்கு பார்க் வாசல். நுழைவுக் கட்டணம் எண்ணூறு, ஷோவுக்குத் தனியாக இருநூறு என்று பலகை. கொள்ளைதான். நான் பத்திரிகை, அவள் ஆர்ட்டிஸ்ட்டின் அம்மா என்பதால் எங்களிடம் வாங்கவில்லை. உள்ளே செயற்கை அலை, செயற்கைப் பாறை, டெல்லி அப்பளம். சின்னக் குழந்தைகள் நனைந்த உடையில் நடுங்கிக்கொண்டே இன்னொரு தரம் என்று அழுதுகொண்டிருந்தன. கொட்டகை கடைசியில் இருந்தது. விபத்துக்குப் பிறகு கொஞ்ச நாள் உடைந்த நாற்காலி போட்டுவைத்தார்கள், அப்புறம் கல்யாண வரவேற்புக்கு வாடகைக்கு விட்டார்கள், யாரோ ஒரு மணப்பெண் மயங்கி விழ, கருடன் குத்தம் என்று அதுவும் நின்றுபோனதாம். இப்போது முதலாளி மாறியாயிற்று. வாசலில் புதுப் பெயின்ட், புது விளக்கு. உள்ளே போனதும் நடுவழித் தரையைப் பார்த்தேன். சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். சரோஜா அதில் கால் வைக்காமல் நாற்காலிகளுக்கிடையே புகுந்து சுற்றி நடந்தாள்.

மேடைக்குப் பின்னால் தீபா. அப்பாவின் உயரம், அம்மாவின் வாய்.

“வந்துட்டியா? சண்டைய சாப்பாட்டுக்கு முன்னாடி வச்சுக்கலாமா, பின்னாடி வச்சுக்கலாமா?” என்று கேட்டாள்.

“விளையாடாத. பையை எடு, போலாம்.”

“வரமாட்டேன்மா. மெட்ராஸ்ல நாலு வருஷம் இதைத்தான் கத்துக்கிட்டேன், இதைத்தான் பண்றேன். இங்க பண்ணா மட்டும் என்ன?”

“இங்கதான் உங்கப்பன் போனான்.”

“அதனாலதான். மாட்டாம ஏறின ஆளுன்னு இங்க இன்னும் அப்பாவைச் சொல்றாங்க. அவர் பொண்ணு ஒழுங்கா ஏறி ஒழுங்கா எறங்குறத இவங்க பாக்கட்டும்.”

அம்மாவும் மகளும் துணி மாற்றும் அறைக்குள் போய்க் கத்த ஆரம்பித்தார்கள். நான் நடுவில் போக விரும்பாமல், கப்பிக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர்தான் காதர் பாய். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அவருடைய அத்தா பாரம் தூக்கும் சங்கிலி வேலையில் இருந்தவர், இவர் அந்த வேலையைக் கற்றுக்கொண்டு இங்கே வந்தார். முருகேசனை ஒவ்வொரு நாளும் மேலே ஏற்றியவரும் இவர்தான். புது முதலாளி தேடிப் பிடித்துத் திரும்ப அழைத்திருக்கிறார்.

“நீங்க சொன்னா அந்தப் பொண்ணு கேக்குமா?” என்று கேட்டேன். “கொக்கி பழசுன்னு சரோஜா பயப்படறா.”

“கொக்கி பழசு இல்ல மேடம். அன்னிக்கும் பழசு இல்ல.”

“அப்ப முருகேசன் சரியா மாட்டலையா?”

“அவனா? மாட்டாம ஏறுவானா?” பாய் எழுந்துபோய் அறைக் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். குரல் இறங்கிவிட்டது. “கொக்கிக்கு ஒரு நாக்கு இருக்கும் மேடம். அமுக்கினா உள்ள போகும், விட்டா டக்குன்னு மூடிக்கணும். அன்னிக்கு ரெண்டு கொக்கியிலயும் நாக்கு பாதியிலயே நின்னுருச்சு. சந்தனம்.”

எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்துவிட்டது.

“ஆயுதபூஜை அன்னிக்குக் கூட்டம் அள்ளும். அதனால பூஜைய முதநாளே முடிச்சிருவோம். எல்லாத்துக்கும் பொட்டு வைக்கிறது சரோஜா தங்கச்சிதான். சந்தனத் தட்டைப் புடிச்சுக்கிட்டு நான் பின்னாடியே போவேன். அந்த வருஷம் கொக்கிக்குப் பூவும் சுத்திவிட்டுச்சு, ஆசையா. ராத்திரி பூரா காஞ்சு கல்லாட்டம் புடிச்சுக்கிச்சு. பூ மறைச்சதுல வாய் தொறந்திருக்கறது தெரியல. மொத ஷோ எப்படியோ தப்பிச்சுது.”

“நீங்க பாக்கலையா?”

“பொட்டைப் பாத்தேன். தொடைச்சிரலாமான்னு துணியக்கூட எடுத்தேன். கை வரலை மேடம். அவங்க சாமிக்கு வச்ச பொட்டு. ஒரு பாய் போயி அதைத் துணியால தொடைச்சா நல்லாவா இருக்கும்? முருகேசன்கிட்ட சொல்லியிருந்தா அவனே தொடைச்சிருப்பான். வாய் வரலை.”

அவர் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். “அன்னிக்கு ராத்திரி கொக்கிய நான் சுரண்டிப் பாத்தேன். சொன்னா முருகேசன் பழி போயிரும். ஆனா அது போயி யார் தலையில விழும்? புருஷனப் பறிகுடுத்துட்டு நிக்கிற பொம்பளைகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? அது கம்பெனியத் திட்டட்டும்னு விட்டுட்டேன்.”

“தீபாவுக்கு?”

“தெரியும். மேல ஏறப்போற புள்ளைக்குக் கொக்கியில என்ன பாக்கணும்னு சொல்லித்தானே ஆகணும். ஏன்னு கேட்டுச்சு. பொய் சொல்ல முடியல. அம்மாவுக்கு மட்டும் தெரியக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிருச்சு. நீங்களும் சொல்லிராதீங்க.”

நான் ஏன் இந்த ஆளிடம் வந்து உட்கார்ந்தேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. மதியச் சாப்பாடு சாம்பார் சாதம், அப்பளம். எனக்கு இறங்கவில்லை. சரோஜாவும் தீபாவும் ஒரே தட்டில் முகம் பார்க்காமல் சாப்பிட்டார்கள். யார் ஜெயித்தது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மூன்று மணிக்குப் பூஜை. மேடைக்குப் பின்னால் மேஜை போட்டு ஸ்பேனர், கப்பி, ஏணி, விளக்கு, உடை தைக்கும் மெஷின் எல்லாவற்றையும் வைத்திருந்தார்கள். சுண்டல், பொரி, வாழைக்கன்று. சின்ன வயசு மேனேஜர் பட்டு வேட்டி கட்டத் தெரியாமல் கட்டியிருந்தார். மேஜையில் கொக்கி மட்டும் இல்லை. நான்கு கொக்கிகளும் தீபாவின் இடுப்புப் பட்டையில் தொங்கின. ஏன் என்று இப்போது எனக்குத் தெரியும்.

சரோஜா ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். சட்டென்று முன்னால் வந்தாள். கண் சிவந்திருந்தது.

“சரிடி. நீ கேக்கமாட்ட. ஏறித் தொலை. ஆனா பொட்டு நான்தான் வைப்பேன். உங்கப்பாவுக்கும் நான்தான் வச்சேன்.”

சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். தட்டைப் பிடிக்கக் காதர் பாயைப் பார்த்தாள். பாவம் அந்த மனுஷர், பழக்கதோஷத்தில் தட்டை வாங்கிக்கொண்டார். ஏணிக்கு வைத்தாள், கப்பிக்கு வைத்தாள். மெஷினுக்கு வைக்கும்போது பாபினை விட்டுவிட்டுச் சக்கரத்தில் வைத்தாள். ஏதாவது சொல்லி இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். தலை சுற்றுகிறது என்றாவது சொல்லியிருக்கலாம். ஒன்றுமே தோன்றவில்லை.

“கொக்கி எங்கடி? முக்கியமானதுக்கு வைக்காம என்ன பூஜை?”

தீபாவின் இடுப்பில் அதைப் பார்த்துவிட்டாள். சந்தன விரலை நீட்டினாள். தீபா சடாரென்று கொக்கியை உள்ளங்கையால் மூடினாள்.

“அதுல வேணாம்மா. என் நெத்தியில வை.”

“நெத்தியிலயும் வைக்கிறேன். கைய எடு.”

“வேணாம்மா.”

“ஏண்டி? உங்கப்பா கொக்கிக்கு வச்ச கைதானே இது?”

“அம்மா, காஞ்சா புடிச்சுக்கும்மா” என்றாள் தீபா. சொன்னவுடனேயே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சரோஜாவின் விரல் அப்படியே நின்றது. மகளைப் பார்த்தாள். மேஜையில் இருந்த தையல் மெஷினைப் பார்த்தாள். அப்புறம் திரும்பிக் காதர் பாயைப் பார்த்தாள். அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். மேனேஜர் ஒன்றும் புரியாமல் மணியை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

“பாய்” என்றாள். “அன்னிக்கு ரெண்டுலயும் நான்தானே வச்சேன்?”

“நான் தொடைச்சிருக்கணும் தங்கச்சி. தட்டைப் புடிச்சது நான்தானே. நான் தொடைச்சிருக்கணும்.”

அவள் கத்துவாள், விழுவாள் என்று நான் பக்கத்தில் போனேன். இரண்டும் இல்லை. கிண்ணத்தை மேஜையில் வைத்தாள். சந்தன விரலை மகள் நெற்றிக்குக் கொண்டுபோனாள், அங்கேயும் வைக்கப் பயந்தவள்போல் எடுத்துக்கொண்டாள். “நாளைக்கு ஏத்தறதுக்கு முன்னாடி நீங்க உங்க கையால தொட்டுப் பாருங்க பாய். வேற யாரும் கிட்ட வர வேணாம். நானும் வரமாட்டேன்” என்று மட்டும் சொன்னாள். தீபா “அம்மா, அம்மா” என்று பின்னாலேயே வாசல்வரை அழுதுகொண்டு வந்தாள். இந்த முறை சரோஜா கம்பளத்தின் மேலேயே நடந்தாள்.

திரும்பும் பஸ்ஸுக்கு அதற்குள் பூஜை போட்டிருந்தார்கள். முன் கண்ணாடியில் மாலை, இருபுறமும் வாழைக்கன்று, ஸ்டீயரிங்கில் சந்தனம். சரோஜா ஏறப் பயந்தாள். அடுத்த பஸ்ஸும் அப்படித்தான் இருந்தது, அதற்கடுத்ததும் அப்படித்தான் இருக்கும். கையைப் பிடித்து ஏற்றினேன். கருமண்டபம் வரும்போது சொன்னாள்.

“யார் யாரையோ சாபம் விட்டேனே சுமதி. இத்தனை வருஷமா தினம் விளக்கேத்திச் சாபம் விட்டேன்.”

உனக்குத் தெரியாதுடி, வேணும்னா செஞ்சே என்று ஊர் உலகம் சொல்வதையெல்லாம் சொன்னேன். ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை. சந்தனம் காய்ந்த விரலை முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆயுதபூஜையன்று நான் பார்க்குக்குப் போகவில்லை. சரோஜாவின் அறையில் இருந்தேன். மெஷின் சக்கரத்தில் நேற்று வைத்த பொட்டு அப்படியே இருந்தது. அவள் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். மதியத்துக்கு மேல் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

“எறங்கிட்டேம்மா.”

“கொக்கிய யாரு பாத்தது?”

“பாய் பாத்தாரு. நானும் பாத்தேன்.”

“அடுத்த ஷோவுக்கும் பாக்கச் சொல்லு” என்றாள் சரோஜா. போனை வைத்தபிறகுதான் அழுதாள். முருகேசன் செத்த அன்றுகூட அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அவளுக்குத் திட்ட ஆள் இருந்தது.

மறுநாள் மாலை தாம்பரம் வந்து சேர்ந்தேன். ஆசிரியருக்கு என்ன எழுதிக் கொடுப்பதென்று யோசித்துக்கொண்டே எங்கள் அடுக்குமாடியின் லிப்ட் முன்னால் நின்றேன். வாட்ச்மேன் பூஜையை நன்றாகவே போட்டிருந்தார். பொத்தான்களில் பொட்டு, கதவு மேல் தோரணம். கதவோரத்தில், ஆள் நிற்பதைக் கண்டு கதவை நிறுத்தும் சின்னக் கண்ணாடியிலும் ஒரு பெரிய சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். அந்தக் கண்ணாடிதான் எங்கள் கட்டடத்துக் குழந்தைகளின் கையைக் காப்பாற்றுகிறது. கைக்குட்டையை எடுத்தேன். கை வரவில்லை. யாரோ கும்பிட்டு வைத்தது, அதைத் துடைக்க நான் யார் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. நேற்றுவரை காதர் பாயை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தவள் நான்.

மேலே யாரோ பொத்தானை அழுத்த, கதவு மூட ஆரம்பித்தது. காலை நீட்டினேன். நிற்காமல் வந்து செருப்பில் இடித்தது. திருடிபோலச் சுற்றுமுற்றும் பார்த்தேன். பயமாகத்தான் இருந்தது. துடைத்தேன்.